வெட்டியும் ஒட்டியும்: பிரிட்டிஷ் டீசல் ரயில்கள் பற்றிய குறிப்புகள்

இரண்டு பெட்டி, மூன்று பெட்டி. பெட்டித் தரைக்கு அடியில் என்ஜின். இரு முனையிலும் ஓட்டுநர் அறை. தனியாக இழுவை என்ஜின் கிடையாது. கடைசி நிலையம் வந்ததும் ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போனால் போதும், ரயில் திரும்பிப் புறப்படும். டீசல் மல்டிபிள் யூனிட், சுருக்கமாக டிஎம்யூ. பிரிட்டனின் கிளைப்பாதைகளைத் தாங்குவது இதுதான். வேக ரயில்களைப் பற்றியும் நீராவி என்ஜின்களைப் பற்றியும் எழுத ஆள் நிறைய உண்டு. இந்தச் சாதாரண ரயிலைப் பற்றி எழுதப் பலருக்குத் தோன்றுவதில்லை. அதனால் இந்தக் குறிப்புகள்.

இவற்றில் என்னை அதிகம் ஈர்ப்பது தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு நடந்த கதை. ஒரு பெட்டி முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடும். அதற்குள் என்ஜின் மாறும், கியர் மாறும், கழிப்பறை மாறும், சில சமயம் ரயிலே இரண்டாக வெட்டப்படும். முதல் வரைபடத்தில் யாரை மறந்தார்கள் என்பதை ஒவ்வொரு மாற்றமும் காட்டிக்கொடுக்கிறது.

*

பஸ்ஸும் இந்த ரயிலும் தொடக்கத்திலிருந்தே உறவு. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1933-34இல் தன் முதல் டீசல் ரயில்பெட்டியை ஓட்டியபோது, அதன் என்ஜினைக் கொடுத்தது லண்டன் பஸ்களுக்கு என்ஜின் செய்துவந்த ஏஇசி. காற்றைக் கிழிக்கும்படி வளைத்துச் செதுக்கிய உடல் அதற்கு. பின்னர் வந்தவற்றில் சில, சிற்றுண்டி வசதியோடு பர்மிங்ஹாமுக்கும் கார்டிஃபுக்கும் இடையே ஓடின. மொத்தம் 38 பெட்டிகள். போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ரயில்வே டீசலுக்குத் திரும்பியபோது கையில் இருந்த அனுபவம் பெரும்பாலும் இவற்றில் கிடைத்ததுதான்.

1954 ஜூனில் டார்பியில் கட்டிய லேசான அலுமினியப் பெட்டிகள் லீட்ஸ், பிராட்ஃபோர்டு பக்கம் ஓடத் தொடங்கின. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் ரயில்வேயின் நவீனமயத் திட்டம் வந்தது. நீராவியை ஒழிக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். ஒரே தொழிற்சாலையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. மெட்ரோ கேம்மல், க்ளாஸ்டர், கிரேவன்ஸ், பார்க் ராயல், பிரஸ்டு ஸ்டீல் என்று பல நிறுவனங்களுக்கு ஆர்டர் போயிற்று. அவரவர் பழக்கப்படி கட்டினார்கள்.

விளைவு, எல்லாப் பெட்டியும் எல்லாப் பெட்டியோடும் சேராது. சேரக்கூடியவற்றை அடையாளம் காண இணைப்புக் குழாய்களுக்கு மேலே குறி வரைந்தார்கள்: நீலச் சதுரம், மஞ்சள் வைரம், சிவப்பு முக்கோணம், ஆரஞ்சு நட்சத்திரம், வெள்ளை வட்டம். நீலத்தோடு நீலம்தான் சேரும். இருட்டில், மழையில், டார்ச் அடித்துக் குறி பார்த்துப் பெட்டி கோத்த ஷன்டிங் தொழிலாளிக்குத்தான் தெரியும், அவசரத்தில் போட்ட ஆர்டர் எவ்வளவு சுமை என்று.

*

அந்தக் காலத்து டிஎம்யூவை ஓட்டுவது பெரிய லாரி ஓட்டுவது மாதிரி. ஒவ்வொரு மோட்டார் பெட்டிக்கும் அடியில் பொதுவாக 150 குதிரைத்திறனில் இரண்டு என்ஜின்கள், நான்கு கியர். கியர் மாற்றுவது ஓட்டுநரின் வேலை. த்ராட்டிலை மூட வேண்டும், நெம்புகோலை அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும், கொஞ்சம் பொறுத்து மீண்டும் த்ராட்டில் கொடுக்க வேண்டும். பொறுக்காமல் கொடுத்தால் ரயிலே குலுங்கும். எத்தனை பெட்டி கோத்தாலும் எல்லா என்ஜினும் ஒரே கைக்குக் கட்டுப்படும்.

பாதுகாக்கப்பட்ட பாதைகளில் இன்றும் இவற்றில் ஏறலாம். ஓட்டுநருக்குப் பின்னால் சுவர் கிடையாது, கண்ணாடி. முதல் இருக்கையில் உட்கார்ந்தால் அவர் தோளுக்கு மேலே தண்டவாளம் விரிவது முழுக்கத் தெரியும். ஓட்டுநரின் கை, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் அந்த ஒரு கணம், என்ஜின் சத்தம் அடங்கி மீண்டும் ஏறுவது, பாலம் ஒன்று தலைக்கு மேல் கடப்பது எல்லாம் பயணிக்கும் கிடைக்கும். பின்னால் வந்த எந்த பிரிட்டிஷ் டிஎம்யூவும் இதைத் திருப்பித் தரவில்லை. இதைவிட நல்ல உட்புற வடிவமைப்பு அந்த நாட்டு உள்ளூர் ரயில்களில் வந்ததாக நான் நினைக்கவில்லை.

*

அதே பெட்டிகளின் சுவருக்குள் நீல ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. வெப்பமும் சத்தமும் உள்ளே வராமல் இருக்க உட்புறத் தகட்டில் தெளித்திருந்தார்கள். நுரையீரலுக்கு அது என்ன செய்யும் என்று தெரிந்த பிறகு, ஒரு பெட்டியைப் பழுது பார்ப்பதற்கே அதை முழுக்க உரிக்க வேண்டியதாயிற்று. முகமூடியும் மூடிய உடையும் போட்ட ஆட்கள், காற்று வெளியே போகாத கூடாரம், தனிக் கழிவு. உரிக்கும் செலவே பல பெட்டிகளின் ஆயுளை முடித்துவிட்டது. உரித்துச் சீரமைத்த பெட்டிகள் நீடித்தன. மெட்ரோ கேம்மலின் கிளாஸ் 101 ரகம் 2003 டிசம்பர் வரை மான்செஸ்டர் பக்கம் ஓடியது. 1960இல் பிரஸ்டு ஸ்டீல் கட்டிய ஒற்றைப்பெட்டி கிளாஸ் 121, சில்டர்ன் ரயில்வேயிடம் 2017 மே வரை ஐல்ஸ்பரியிலிருந்து பிரின்சஸ் ரிஸ்பரோவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. 57 ஆண்டு.

*

தெற்கே வேறு கதை. ஹேஸ்டிங்ஸ் பாதையின் சுரங்கங்களைக் கட்டிய 19ஆம் நூற்றாண்டு ஒப்பந்தக்காரர்கள், ஒப்புக்கொண்டதைவிடக் குறைவான செங்கல் அடுக்குகளை வைத்து ஏமாற்றிவிட்டார்கள். பின்னர் உள்பக்கம் கூடுதல் அடுக்கு கட்டிப் பலப்படுத்தினார்கள். சுரங்கம் குறுகியது. அன்றிலிருந்து அந்தப் பாதைக்கென்றே ஒல்லியான பெட்டிகள் தேவைப்பட்டன. 1957இல் வந்த ஹேஸ்டிங்ஸ் டீசல் ரயில்களும் ஒல்லிதான். பக்கச்சுவர் வளைவில்லாமல் நேராக நிற்கும். என்ஜின் தரைக்கு அடியில் இல்லை, பெட்டிக்குள் ஓட்டுநருக்குப் பின்னாலேயே ஓர் அறையில் இருந்தது. இங்கிலிஷ் எலக்ட்ரிக்கின் நான்கு சிலிண்டர் என்ஜின், மின்சாரம் தயாரித்துச் சக்கரங்களுக்கு அனுப்பும். அதன் 'தும் தும்' அடியைக் கேட்டு ரசிகர்கள் வைத்த பெயர் தம்பர்.

1960களின் நடுவில் ரெடிங், டன்பிரிட்ஜ் பாதைக்கு ரயில் தேவைப்பட்டது. புதிதாகக் கட்டப் பணமில்லை. ஹேஸ்டிங்ஸ் ரயில்களிலிருந்து இரண்டு ஒல்லிப் பெட்டிகளை எடுத்தார்கள்; மின்சார ரயிலிலிருந்து முழு அகலப் பெட்டி ஒன்றை எடுத்தார்கள்; மூன்றையும் கோத்தார்கள். ஒரு முனை தடிமன், மீதி ஒல்லி. தலைப்பிரட்டை என்ற பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. ஆறு செட். பார்க்க அழகில்லை, ஆண்டுக்கணக்கில் வேலை செய்தன.

ஹேஸ்டிங்ஸ் பாதைக்கு 1986இல் மின்சாரம் வந்தபோது கடைசியில் மாற்றியது ரயிலை அல்ல, பாதையை. குறுகிய சுரங்கங்களில் இரட்டைப் பாதையை ஒற்றையாக்கி நடுவில் போட்டார்கள். சாதாரண அகலப் பெட்டி தாராளமாகப் போயிற்று. செங்கல் திருட்டுக்கு நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ரயில்கள் உடலை ஒடுக்கிக் கொடுத்த விலை அன்றைக்குத்தான் தீர்ந்தது.

*

இப்போது பேஸர். இந்த ரயிலைத் திட்டாத வட இங்கிலாந்துக்காரரைப் பார்ப்பது அரிது. ஆனால் அது பிறந்த காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1970களின் இறுதியில் முதல் தலைமுறை டிஎம்யூக்கள் தேய்ந்துவிட்டன. மாற்றாக டார்பி கட்டிய கிளாஸ் 210 நல்ல ரயில், ஆனால் விலை அதிகம். என்ஜினும் பயணிகள் இடத்தைத் தின்றது. இரண்டு மாதிரிகளோடு நின்றது. அதே டார்பியின் ஆராய்ச்சிப் பிரிவில் ஆலன் விக்கன்ஸ் முதலானோர், இரட்டை அச்சுச் சரக்கு வேகன்கள் வேகத்தில் ஏன் இடமும் வலமுமாக ஆடித் தடம் புரள்கின்றன என்று கணக்குப் போட்டு, ஆடாத சஸ்பென்ஷன் ஒன்றைக் கண்டிருந்தார்கள். சாயும் வேக ரயிலான ஏபிடிக்கும் அந்தக் கணக்குதான் அடித்தளம். அந்த சஸ்பென்ஷன் பொருத்திய சட்டத்தின் மேல் லேலண்ட் நேஷனல் பஸ்ஸின் உடலை வைத்தால் மலிவான ரயில் கிடைக்குமே? 1978இல் அப்படி ஒரு பெட்டி செய்து பார்த்தார்கள். 1984இல் கிளாஸ் 141, பிறகு 142, 143, 144. கிளாஸ் 142 மட்டும் 96 செட். 141க்கு பஸ்ஸின் அகலமே அகலம். 142க்கு அதைக் கூட்டி ஒரு பக்கம் மூவர், மறுபக்கம் இருவர் உட்கார வைத்தார்கள்.

நேர்ப்பாதையில் ஓரளவு ஒழுங்காகத்தான் ஓடியது. வளைவில்தான் சிக்கல். பெட்டிக்கு இரண்டே அச்சு, நடுவில் 9 மீட்டர் இடைவெளி, வளைவில் திரும்பிக்கொடுக்கும் சக்கரச் சட்டமான போகி கிடையாது. கார்ன்வாலின் இறுகிய வளைவுகளில் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரசிக் கிறீச்சிட்டது. சக்கரம் வேகமாகத் தேய்ந்தது. பழுப்பும் வெண்மஞ்சளுமாக வண்ணம் பூசி, ஸ்கிப்பர் என்று பெயர் வைத்து அனுப்பிய ரயில்களைச் சில ஆண்டிலேயே வடக்கே திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு மாற்றங்கள். 1990களின் தொடக்கத்தில் லேலண்ட் என்ஜினை எடுத்துவிட்டு கம்மின்ஸ் வைத்தார்கள். தொல்லை கொடுத்த கியர்பெட்டிக்குப் பதில் ஜெர்மனியின் வாய்த் ஹைட்ராலிக் பெட்டி வந்தது. ரயில் நம்பிக்கையாக ஓடியது. ஆனால் சேஸியையும் உடலையும் அவை பொருந்தியிருக்கும் விதத்தையும் எந்த டிப்போவும் மாற்ற முடியாது. 1999 ஜூனில் வின்ஸ்ஃபோர்டில் ஒரு 142 மீது பின்னாலிருந்து எக்ஸ்பிரஸ் மோதியபோது அது வெளிச்சத்துக்கு வந்தது: உடல் சட்டத்திலிருந்து பெயர்ந்தது. அந்த விபத்தில் யாரும் இறக்கவில்லை.

மலிவாக வாங்கிய ரயில், என்ஜினில் ஒரு முறை, கியரில் ஒரு முறை, சக்கரத்தில் ஓயாமல் விலை கேட்டது. ஆனாலும் பேஸர் இல்லையென்றால் 1980களில் எத்தனை கிளைப்பாதைகளை மூடியிருப்பார்கள் என்ற கேள்வியும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

*

கிளாஸ் 153ஐ நடைமேடையில் நின்று பார்ப்பவர்கள் இரு முனையையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒரு முனையில் பயணிகள் கதவுக்கும் பெட்டியின் நெற்றிக்கும் நடுவே தாராளமான இடம். மறுமுனையில் கதவு முனையை ஒட்டி வந்துவிடும். மிச்சமிருக்கும் ஒடுக்கமான பொந்தில் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். முழங்காலை நீட்ட இடமில்லை, பையை வைக்க இடமில்லை.

காரணம், அந்த முனை முதலில் ரயிலின் முனையாகவே இல்லை. 1987-88இல் லேலண்ட் இதை கிளாஸ் 155 என்ற இரட்டைப் பெட்டி ரயிலாகக் கட்டியது. ஆளில்லாத கிளைப்பாதைகளுக்கு இரண்டு பெட்டி அதிகம், பழைய ஒற்றைப் பெட்டிகளோ சாகும் தருவாயில். 35 செட்களை ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் ஹன்ஸ்லெட் பார்க்ளே பணிமனைக்கு அனுப்பினார்கள். 1991-92இல் ஒவ்வொன்றையும் பிரித்து, உள்முனையில் புது ஓட்டுநர் அறை கட்டினார்கள். 35 ரயில் 70 ஆயிற்று. கதவை நகர்த்தினால் உடலின் பலமே போய்விடும், செலவும் ஏறும். அதனால் கதவு இருந்த இடத்தில் இருந்தது, அறை சுருங்கியது. கிளைப்பாதை பிழைத்தது. முப்பது ஆண்டுகள் அந்த விலையைக் கொடுத்தது ஓட்டுநரின் முதுகு.

இந்தப் பாதி ரயிலுக்குக் கிடைத்த பல பிறவிகளில் ஒன்று என் மனதுக்கு நெருக்கமானது. ஸ்காட்ரெயில் ஐந்து 153களை உட்புறம் மாற்றி, 2021இல் மேற்கு ஹைலேண்ட் பாதையில் கிளாஸ்கோவிலிருந்து ஓபன் போகும் ரயில்களோடு கோத்தது. சைக்கிள் வைக்கத் தாங்கிகள், பெரிய சாமான் வைக்க இடம், மலையையும் ஏரியையும் பார்க்கச் சாளரத்தருகே இருக்கை. வேறு சில 153கள் கேமராக்களோடு பாதையைச் சோதிக்கும் வண்டிகளாயின.

*

கிளாஸ் 158, 1989இலிருந்து டார்பியில் கட்டியது. அலுமினிய உடல், மணிக்கு 90 மைல், குளிர்சாதனம், டிஸ்க் பிரேக். இதைப் பார்த்தால் பேஸரைக் கட்டிய நாடா இது என்று தோன்றும். வந்ததும் எதிர்பாராத இடத்தில் தடுக்கியது.

ரயில் இருப்பதைச் சிக்னலுக்குச் சொல்ல, தண்டவாளம் இரண்டிலும் சிறிய மின்னோட்டம் விட்டிருப்பார்கள். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும்; ரிலே விழும்; பின்னால் சிக்னல் சிவப்பாகும். பழைய ரயில்களில் பிரேக் கட்டை சக்கரத்தின் மேற்பரப்பையே அழுத்தியதால், நிறுத்தும்போதெல்லாம் சக்கரம் சுத்தமாயிற்று. டிஸ்க் பிரேக் சக்கரப் பரப்பைத் தொடுவதில்லை. துருவும் இலைச்சாறும் படலமாகப் படிந்தன. ரயிலும் லேசு. சில இடங்களில் ரயில் நிற்கிறது, சிக்னல் அறைக்குத் தெரியவில்லை. உயிர் போகும் விஷயம். தீர்வாக அடியில் ஒரு கருவி மாட்டினார்கள். உயர் அதிர்வெண் மின்சாரத்தைச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் ஊட்டி அந்தப் படலத்தை உடைக்கும். பிறகு கட்டிய லேசான டீசல் ரயில்களிலும் இது வந்துவிட்டது. பயணி கண்ணுக்குத் தெரியாத, பேசப்படாத மாற்றம் இது. மற்ற எல்லா மாற்றத்தையும்விட இதுவே பெரிது என்பேன்.

158இன் குளிர்சாதனமும் சோதனை. அது நம்பியிருந்த குளிர்வாயு ஓசோனைத் தின்னும் ரகம், தடை வந்தது, மாற்று வாயுவில் கருவி சரியாக வேலை செய்யவில்லை. திறக்க முடியாத கண்ணாடிக்குள் கோடைக்காலத்தில் பயணிகள் வெந்தார்கள். பின்னாளில் நிறுவனங்கள் கருவிகளையே மாற்ற வேண்டியிருந்தது.

*

சிறு குறிப்பு: சதர்ன் நிறுவனம் சில டர்போஸ்டார் டீசல் ரயில்களின் கப்ளரைத் தன் மின்சார ரயில்களோடு பொருந்தும் டெல்னர் ரகத்துக்கு மாற்றியது. வழியில் நின்றுபோனால் ஒன்று மற்றொன்றை இழுக்கலாம். கிளாஸ் 170 என்ற பெயரே 171 ஆயிற்று. 1950களின் வண்ணக் குறிகளிலிருந்து இன்றுவரை அதே தலைவலி.

*

2020 ஜனவரி 1. மாற்றுத்திறனாளிகள் ஏற முடியாத ரயில் இனி ஓடக்கூடாது என்று பிரிட்டன் விதித்த கெடு நாள். சக்கர நாற்காலி திரும்பும் அளவு கழிப்பறை, நிறம் பிரித்துக் காட்டும் கைப்பிடி, சத்தம் எழுப்பும் கதவுப் பொத்தான், கேட்கவும் பார்க்கவும் கூடிய அறிவிப்பு. 150, 156, 158 ரகங்களில் இருக்கைகளைப் பிடுங்கிப் பெரிய கழிப்பறை வைத்தார்கள். பேஸர்களில் அந்தச் செலவு செய்ய மனமில்லை. சிறிது கால அவகாசம் வாங்கிக்கொண்டு 2021 நடுவுக்குள் கடைசி பேஸரும் பயணிகள் சேவையிலிருந்து விலகியது. ஒன்று பிராட்ஃபோர்டில் ஃபேக்லி தொடக்கப் பள்ளிக்கு அறிவியல் கூடமாகப் போயிற்று.

இருக்கை குறைந்தது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. முப்பது ஆண்டுகளாக அந்த ரயிலில் ஏறவே முடியாதவர்களின் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்?

*

மாற்றம் எல்லாமே பலிக்காது. 1980களின் மின்சார ரயிலான கிளாஸ் 319க்கு அடியில் டீசல் என்ஜின் வைத்து கிளாஸ் 769 ஆக்கினார்கள். வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. கிரேட் வெஸ்டர்ன் ஒரு பயணியைக்கூட ஏற்றாமல் கைவிட்டது.

விவாரெயில் நிறுவனம் லண்டன் சுரங்க ரயிலின் பழைய பெட்டிகளை வாங்கி, ஃபோர்டு வண்டிகளின் 3.2 லிட்டர் டீசல் என்ஜினைச் சட்டத்தோடு கழற்றி மாட்டும்படி கிளாஸ் 230 ரயில்களைக் கட்டியது. பழுதானால் பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஃபோர்க்லிஃப்ட் கொண்டு அங்கேயே மாற்றலாம். அருமையான யோசனை. 2016 டிசம்பரில் மாதிரி ரயில் சோதனை ஓட்டத்தில் தீப்பிடித்தது; திருத்தி, 2019இல் பெட்ஃபோர்டு, பிளெட்ச்லி பாதையில் ஓட்டினார்கள். 2022 டிசம்பரில் நிறுவனம் திவாலாக, ரயிலும் நின்றது. பழுது பார்க்க ஆளில்லாத ரயிலை ஓட்ட முடியாது.

அந்தப் பாதைக்குப் பிறகு வந்தவை 1980களின் கிளாஸ் 150 ரயில்கள். கம்மின்ஸ் என்ஜின், வாய்த் பெட்டி, போகி, எஃகு உடல். எந்தப் புதுமையும் இல்லை; எல்லா டிப்போவுக்கும் தெரிந்த ரயில்.

*

இவ்வளவும் எழுதிப் பார்த்ததில் என் முடிவு இது. என்ஜினை மாற்றலாம், கியரை மாற்றலாம், கழிப்பறையையும் இருக்கையையும் மாற்றலாம். அச்சின் எண்ணிக்கை, உடலின் பலம், கதவின் இடம், இவை மூன்றையும் பின்னால் மாற்ற வழியில்லை. பணம் குறையும்போது மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் முதல் பட்டியல். இரண்டாவதில் மிச்சம் பிடித்தால் ஓட்டுநரும் பயணியும் முப்பது ஆண்டு அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். பழைய டீசல்களுக்கு மாற்றாக பேட்டரி ரயில்கள் வரப்போகிற இந்தக் காலத்தில், ஆர்டர் கொடுப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் ஏதாவது ஒரு டிப்போவுக்குப் போகட்டும். குழியில் இறங்கி, பெட்டிக்கு அடியில் வேலை பார்க்கும் ஃபிட்டரிடம் கேட்கட்டும்: இருபது ஆண்டு கழித்து இதில் எதை உங்களால் கழற்ற முடியாது? அவர் சொல்வதை வரைபடத்தில் முதலில் திருத்தட்டும்.